மரத்தின் தூரில் தட்டுக் காளானா? பெங்களூர்த் தெருமரத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூரில் எங்கள் தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் பல வருடமாகப் பூக்கடை போடுகிற அக்கா, ஒரு ஜூலை மாதக் காலையில் என்னைக் கூப்பிட்டு மரத்தின் தூரைக் காட்டினார். "தம்பி, இது என்ன அதிரசம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு? போன மழையில இல்லையே."

உள்ளங்கை அகலத்தில், மேலே பழுப்பாக, ஓரத்தில் பால் வெள்ளையாக ஒரு தட்டு. கட்டைபோல் கெட்டியாக இருந்தது. டீக்கடைக்காரர் அதைக் கத்தியால் பெயர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். எதிர்வீட்டுத் தாத்தா மரத்தையே வெட்டச் சொல்லி மனு எழுதத் தயாரானார். எனக்கு இரண்டும் தவறாகப் பட்டது, ஆனால் ஏன் தவறு என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் படித்ததையும், நாலைந்து வருடம் தெருத்தெருவாக மரங்களைப் பார்த்துக் கற்றதையும் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மர வைத்தியர் செய்கிற வேலையை இது செய்யாது. யாரைக் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது, கூப்பிடுமுன் என்னென்ன குறித்து வைப்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

முதலில் ஒன்று: நீங்கள் பார்ப்பது காய்

வெளியே தெரிகிற தட்டு காளானின் முழு உடல் அல்ல. உடல் மரத்துக்குள்ளே இருக்கிறது. நூலைவிட மெல்லிய பூசண இழைகளாகக் கட்டை முழுக்கப் பரவி, கட்டையையே தின்று வாழ்கிறது. போதிய பலம் சேர்ந்த பிறகு வித்து பரப்புவதற்காக வெளியே விடுவதுதான் அந்தத் தட்டு. மாங்காயைப் பறித்துவிட்டால் மாமரம் போய்விடுமா? தட்டைப் பெயர்த்தாலும் அதே கதைதான். உள்ளே இருக்கிற இழைக்கு ஒன்றும் ஆகாது. நமக்குத்தான் ஒரு தடயம் போய்விடும்.

இந்தத் தட்டுக் காளான்களைப் பற்றி நிறையப் படித்தறிந்தவர்கள் ஐரோப்பியர்கள். அங்கே அவர்களுக்குப் பாடம் சொன்ன மரம் பீச். பழக்கடையில் கிடைக்கும் பீச் பழத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தமிழில் எழுதும்போது எழுத்து ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான். இது நம் இமயமலை ஓக் மரங்களின் குடும்பம். வழவழப்பான சாம்பல் நிற மெல்லிய பட்டை. பார்க்கக் கம்பீரமான மரம், ஆனால் தேக்கு போல வைரம் பாய்ந்து அழுகலைத் தாங்கும் கட்டை அல்ல. பட்டை கிழிந்து உள்கட்டை வெளியே தெரிந்துவிட்டால் காளான்களுக்குக் கொண்டாட்டம்.

அப்படி பீச் மரத்தில் குடியேறும் காளான்களில் மூன்றை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, குதிரைக் குளம்பு வடிவத்தில் சாம்பல் நிறமாக வளரும் போமஸ் போமென்டேரியஸ். தீ மூட்டவும் தணலைக் காத்து எடுத்துப் போகவும் பழங்காலத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, சுமார் 5300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் உடைமைகளில் இந்தக் காளானின் துணுக்குகளும் இருந்தன. இரண்டாவது, ஊடெமான்சியெல்லா மியூசிடா. பீச் கிளைகளில் பீங்கான் போலப் பளபளக்கும், வழுவழுப்பான வெள்ளைக் காளான். தன் கிளையில் வேறு பூசணம் வந்துவிடாமல் இருக்க இது ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. இந்த வகைப் பொருள்களை முன்மாதிரியாக வைத்துத்தான் அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூசணக்கொல்லியை உருவாக்கி 1996-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஓசூர் பக்கம் தக்காளியோ திராட்சையோ போடுகிற விவசாயி யாரிடமாவது கேளுங்கள், மருந்துப் புட்டியில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பார். காட்டில் ஒரு காளான் தன் இடத்தைக் காத்துக்கொள்ளச் செய்த வேலை, நம் தோட்டம் வரை வந்துவிட்டது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மூன்றாவதுதான் நமக்கு மிக நெருங்கியது: கானோடெர்மா. பீச் மரத்தின் தூரில் அகலத் தட்டாக வளரும் கானோடெர்மா அப்ளனேட்டம், நம் ஊர்த் தெருமரங்களின் தூரில் வரும் தட்டுகளுக்கு நெருங்கிய சொந்தம். தமிழ் விவசாயிகளுக்கும் இந்த இனம் புதிதல்ல. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வாட்டிய தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமும் ஒரு கானோடெர்மாதான். தூரில் செம்பழுப்புச் சாறு வடிந்து, அடி மட்டைகள் தொங்கி, கடைசியில்தான் தட்டு வெளியே தெரியும். தட்டு தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும் என்பது அங்கே கற்ற பாடம்.

கையில் என்ன வேண்டும்

பெரிய செலவு இல்லை. தையல்காரர் அளவு நாடா, ரப்பர் சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளைத் தாள், நோட்டு, போன். போனில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் நல்லது, ஏன் என்று பின்னால் வரும். கத்தி வேண்டாம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதோ காற்று அடிக்கும்போதோ மரத்தடியில் நிற்காதீர்கள். பெங்களூரில் ஏப்ரல், மே மாதச் சாயங்கால இடிமழையில்தான் மரங்கள் அதிகம் விழுவதைப் பார்க்கிறேன். பொந்துக்குள் கை விடாதீர்கள். மின்கம்பி உரசும் மரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

முதல் படி: மரத்தின் பெயரும் வயதும்

காளானைப் பார்க்குமுன் மரம் எது என்று தெரிய வேண்டும். ஒரே காளான் ஒரு மரத்தைப் பத்து வருடம் பிழைக்க விடும், இன்னொன்றைச் சீக்கிரம் சாய்த்துவிடும். மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றைக்குக் கட்டை மென்மை, வேரும் ஆழம் போகாது. புங்கன் நம் மண்ணின் மரம், அக்கம்பக்கத்தில் ஹொங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து, பெரிய குடையாக விரிந்து, கிளைகளின் பாரத்தைத் தூரின் மேல் ஏற்றி வைக்கும் மரம்.

வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும் ஊரின் கதையை வைத்து ஊகிக்கலாம். கண்டோன்மென்ட் பகுதியிலும் கப்பன் பூங்காவைச் சுற்றியும் இருப்பவற்றில் பலவும் நூறு வயதை ஒட்டியவை. 1908-இல் பெங்களூருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பிகல், வருடம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்தெடுத்தவர். வெளிப்பகுதிக் குடியிருப்புகளில் இருப்பவை பெரும்பாலும் 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் காலத்தில் நட்டவை. அவற்றுக்கு இப்போது நாற்பது வயது. நட்டபோது மண் சாலை ஓரமாக இருந்த இடம், இப்போது கேபிள் குழியும் கான்கிரீட் நடைபாதையும்.

இரண்டாம் படி: தள்ளி நின்று தலையைப் பாருங்கள்

எல்லோரும் நேராகத் தூருக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். முதலில் தெருவின் எதிர்ப்பக்கம் போய், மரம் முழுதும் கண்ணில் படும் தூரத்தில் நில்லுங்கள். நுனிக் கிளைகள் மொட்டையாகக் காய்ந்திருக்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் இலை சிறுத்து, மஞ்சளித்து இருக்கிறதா? அந்தப் பக்கத்து வேர்தான் அடிபட்டிருக்கும், பல சமயம் கீழே அதே பக்கத்தில் குழி தோண்டிய தடம் இருக்கும். மரம் சாய்ந்திருந்தால், அது பழைய சாய்வா புதிய சாய்வா என்று பாருங்கள். இளவயதிலேயே சாய்ந்த மரம் நுனியை நிமிர்த்தி வளைந்து வளர்ந்திருக்கும். அடியிலிருந்து நுனி வரை கழி போல் நேராகச் சாய்ந்திருந்தால் அண்மையில் சாய்ந்தது. எதிர்ப்பக்கத்து மண் மேலெழும்பியோ வெடித்தோ இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, ஆட்களை விலக்கி, உடனே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: தூர்

இதில் அவசரப்படாதீர்கள். மரத்தைப் பற்றிய உண்மையில் முக்கால்வாசி தரையை ஒட்டிய ஒரு முழ உயரத்தில் இருக்கிறது.

நல்ல மரத்தின் தூர் யானைக்கால் மாதிரி விரிந்து, வேர்கள் மண்ணுக்குள் இறங்குவது தெரியும். விளக்குக் கம்பம் நட்டது போல நேராகத் தரைக்குள் போனால், சுற்றி மண்ணோ கான்கிரீட்டோ ஏற்றி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூடிய இடத்தில் பட்டை ஈரத்திலேயே ஊறும். வேருக்குக் காற்றுப் போகாது. காளானுக்கு வாசல் திறந்தாயிற்று.

எங்கள் மரத்தில் நடந்ததும் அதுதான். பூக்கார அக்கா சொல்லித்தான் தெரிந்தது: தட்டு தெரிவதற்கு மூன்று வருடம் முன்னால் குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக்காரர் ஆட்கள், தொடை கனமுள்ள வேர் ஒன்றை வெட்டிவிட்டு, அதன் மேலேயே கான்கிரீட் போட்டு மூடிப் போயிருந்தார்கள். தட்டு வந்த பக்கமும் அதே பக்கம்தான். காளான் சும்மா வரவில்லை. நாம் திறந்து வைத்த காயத்தின் வழியாக வந்தது.

தூரைச் சுற்றி வரும்போது வெட்டிய வேர், வண்டி மோதிப் பட்டை உரிந்த இடம், ஆணி, இரும்பு வேலி பதிந்த வடு, சாறு கசியும் இடம், குப்பை எரித்த கரி எல்லாவற்றையும் குறியுங்கள். கரி என்றதும் ஒன்று. பீச் மரத்தூரில் கிரெட்ஸ்மாரியா டியூஸ்டா என்று ஒரு காளான் வரும். முற்றினால் எரிந்த கரி அப்பியது போலவே கறுப்பாக, நொறுங்கும் பக்காக இருக்கும். தட்டு வடிவமே கிடையாது. ஐரோப்பாவில் அனுபவசாலிகள்கூட இதைத் தீப்பட்ட தழும்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இலை பசுமையாக இருக்கும்போதே மரம் பீங்கான் மாதிரி பட்டென்று முறிந்து விழும். அதனால் தூரில் கறுப்பாக எதைப் பார்த்தாலும் விரலால் தேய்த்துப் பாருங்கள். உண்மையான கரி தூளாக விரலில் ஒட்டும். காளான் மேலோடு பட்டையோடு சேர்ந்து, மேடு பள்ளமாக இருக்கும்.

நான்காம் படி: காளானைப் படிப்பது

முதல் கேள்வி, எந்த இடத்தில்? தூரிலும் வேரிலும் வந்தால் கவலைப்பட வேண்டும், மரத்தைத் தாங்குவது அந்த இடம்தான். காய்ந்த சிறு கிளையில் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. ஏற்கெனவே செத்த கட்டையை மண்ணாக்கும் வேலையை அது செய்கிறது. மழைக்குப் பிறகு காய்ந்த கிளைகளில் சின்னச் சின்ன வெள்ளை விசிறிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்கைசோபில்லம் கம்யூன். அடியில் மெல்லிய மடிப்புகளாக உள்ள செவுள்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் சுருண்டுகொள்ளும், நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி விரியும். லென்ஸ் வாங்கியதும் முதலில் இதைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். விழுந்த கட்டைகளில் குங்குமச் சிவப்பாக மெல்லிய தட்டு தெரிந்தால் அது பிக்னோபோரஸ்.

இரண்டாம் கேள்வி, அடிப்பக்கம் எப்படி? செவுளா, துளையா? கானோடெர்மாவுக்கு அடியில் துளைகள். வெறும் கண்ணுக்கு வழவழப்பான வெள்ளைப் பரப்பு போலத் தெரியும். லென்ஸ் வைத்தால் ஊசியால் குத்தியது போல நெருக்கமான துளைகள் தெரியும். வளரும் காலத்தில் அந்த வெள்ளையில் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுங்கள். கோடு பழுப்பாக மாறி அப்படியே தங்கிவிடும். கானோடெர்மா அப்ளனேட்டத்தில் இப்படிப் படமே வரைந்து காயவைத்து வீட்டில் மாட்டுகிறவர்கள் வெளிநாட்டில் உண்டு. ஒரு சின்னக் கோடு போதும், அதையும் லால்பாக் போன்ற பூங்காக்களில் செய்யாதீர்கள். அங்கே கண்ணால் மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, விளிம்பு. வெள்ளையாக, மிருதுவாக இருந்தால் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது. முழுக்கப் பழுப்பாகக் காய்ந்து, மேலே பாசி பிடித்திருந்தால் ஓய்வில் இருக்கிறது அல்லது அந்தத் தட்டு செத்துவிட்டது. தட்டு செத்தால் உள்ளே இழையும் செத்துவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. மேலே தெரியும் வளையங்களை எண்ணி வயது சொல்லவும் முயல வேண்டாம். ஒரே வளர்காலம் உள்ள குளிர் நாட்டுக்கே அது சுமாரான கணக்கு. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபர் மழையும் உண்டு.

நான்காவது, கோகோ தூள். தட்டுக்குக் கீழே உள்ள இலை, செங்கல், சில சமயம் தட்டின் மேற்பரப்பு எல்லாம் பழுப்புத் தூள் தூவியது போல இருந்தால் அது வித்துத்தூள். நன்றாக வளர்ந்த கானோடெர்மா தட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோடி வித்துகளை உதிர்க்கும். சந்தேகமாக இருந்தால் சாயங்காலம் தட்டுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைக் கல் வைத்து அமர்த்திவிட்டு, காலையில் வந்து பாருங்கள். தாளில் காப்பிக் கறை போலப் பழுப்புப் படிந்தால் கானோடெர்மாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி எனக்கு மிகப் பிடித்த சோதனை. தட்டுக் காளானின் துளைப்பரப்பு எப்போதும் தரையைப் பார்த்தே வளரும். வித்து துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளாமல் நேராகக் கீழே விழ வேண்டும், அதற்காக. மரம் சாய்ந்தால் பழைய தட்டும் கூடவே சாய்ந்துபோகும், ஆனால் அதற்கப்புறம் வளரும் பகுதி மறுபடி தரைக்கு மட்டமாகத் திரும்பும். அதனால் தட்டு ஒரு தூக்குக்குண்டு மாதிரி நமக்குச் சாட்சி சொல்கிறது. போனின் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து தட்டின் அடிப்பரப்பை ஒட்டிப் பிடியுங்கள். தட்டு சாய்ந்து, விளிம்பு மட்டும் வேறு கோணத்தில் திரும்பியிருந்தால், தட்டு முளைத்த பிறகு மரம் அசைந்திருக்கிறது. இது கவலைக்குரிய அடையாளம். விழுந்து கிடக்கும் மரத்திலும் இதைப் பாருங்கள். தட்டு செங்குத்தாக நின்றால் மரம் விழுவதற்கு முன் வந்தது, தரைக்கு மட்டமாக இருந்தால் விழுந்த பிறகு வந்தது. முதன்முதலில் கப்பன் பூங்காவில் ஒரு விழுந்த மரத்தில் இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, எழுதி வைத்ததைப் படிப்பது போல இருந்தது.

ஐந்தாம் படி: தட்டிக் கேளுங்கள்

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா, அதே கலைதான். ரப்பர் சுத்தியலால் தூரிலிருந்து தோள் உயரம் வரை, ஒரு சாண் இடைவெளியில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். கெட்டியான கட்டை இறுக்கமாக ஒலிக்கும். பொந்து உள்ள இடம் முரசு மாதிரி அதிரும். ஒலி மாறும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி. சுற்றி முடித்ததும் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் பொந்தின் உத்தேசமான வடிவம் கிடைக்கும். ஒரு நல்ல மரத்தில் முதலில் பழகிக்கொண்டு வாருங்கள், காதுக்கு ஒப்பிட ஏதாவது வேண்டும்.

பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடாது. மூங்கிலும் பொந்துதான். எவ்வளவு சுவர் மிச்சம் என்பதுதான் கேள்வி. ஜெர்மானியரான கிளாஸ் மட்டெக் சொன்ன ஒரு தோராயக் கணக்கு உண்டு: நல்ல கட்டையின் தடிமன், மரத்தின் ஆரத்தில் சுமார் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அளவு நாடாவால் சுற்றளவை எடுத்து 6.28-ஆல் வகுத்தால் ஆரம். எங்கள் தெரு மரத்தின் சுற்றளவு 314 செ.மீ. ஆரம் 50 செ.மீ. ஆகவே குறைந்தது 15 செ.மீ. நல்ல சுவர் வேண்டும். பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தாலோ, அழுகல் வேரில் இருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. சுவரின் தடிமனைச் சுத்தியலால் அளக்கவும் முடியாது. அதற்கு மெல்லிய துளையூசியைச் செலுத்திக் கட்டையின் எதிர்ப்பை வரைபடமாக்கும் கருவியும், ஒலியலையை வைத்து உள்ளே படம் எடுக்கும் கருவியும் உண்டு. அந்தக் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டுமா என்று முடிவுசெய்யத்தான் நம் சுத்தியல்.

அருகில் உடைந்த கிளையோ வெட்டிய துண்டோ கிடந்தால் கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளுத்து, ஈரப் பஞ்சு போல நார்நாராகப் பிரிந்தால் வெள்ளை அழுகல். கானோடெர்மாவும் பீச் மரத்துக் குளம்புக் காளானும் இந்த வகை, கட்டைக்கு இறுக்கம் தரும் லிக்னினையே கரைக்கின்றன. காய்ந்த ஏரி மண் போலச் சதுரம் சதுரமாக வெடித்து, பழுப்புப் பொடியாக நொறுங்கினால் பழுப்பு அழுகல். அதில் லிக்னின் மிஞ்சும், நார்ப்பொருள் போய்விடும். வெள்ளை அழுகல் வந்த மரம் பெரும்பாலும் வளைந்து கொடுத்து முன்னறிவிப்புத் தரும். பழுப்பு அழுகல் வந்தது சட்டென்று முறியும்.

ஆறாம் படி: கீழே யார் இருக்கிறார்கள்

மரம் எவ்வளவு நோயுற்றது என்பது பாதிக் கேள்வி. விழுந்தால் எதன்மேல் விழும் என்பது மீதி. லால்பாக்கின் ஒதுக்குப்புறத்தில் பொந்து விழுந்த மரத்தை அப்படியே விடலாம், விடவும் வேண்டும். பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, மென்கட்டையைக் கொத்திக் கூடு அமைக்கும் குக்குறுவான் எல்லாம் அந்தப் பொந்தை நம்பித்தான் இருக்கின்றன. அதே மரம் பள்ளிக்கூட வாசலில் நின்றால் கணக்கு வேறு. ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எத்தனை பேர் அதன் கீழ் இருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எங்கள் மரத்துக்கு நான் எழுதியது: பூக்கடை, காலை ஆறு முதல் இரவு எட்டு வரை. அந்த ஒரு வரிதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

ஏழாம் படி: என்ன செய்யலாம், என்ன கூடாது

தட்டைப் பெயர்க்காதீர்கள். மண்ணெண்ணெய், மயில்துத்தம், பெயின்ட் ஊற்றாதீர்கள். பொந்தில் சிமென்ட் அடைக்காதீர்கள், நீர் உள்ளேயே தேங்கும், மரம் காற்றில் அசையும்போது சிமென்ட் உரசி நல்ல சுவரையும் தேய்க்கும். பொந்துக்குள் உளி விட்டு அழுகலைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970-களில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். நம் தோல் போல மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அடிபட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, புதுக் கட்டையை வெளியே வளர்க்கிறது. நாம் உளியால் சுரண்டும்போது அந்தத் தடுப்பையே உடைத்து, அழுகலை நல்ல கட்டைக்குள் அனுப்பிவிடுகிறோம்.

தென்னைக்குச் சொல்லும் வேப்பம்பிண்ணாக்கு, டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) வைத்தியத்தைத் தெருமரத்துக்கும் செய்யலாமா என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தோப்பில், ஆரம்பக் கட்டத்தில், அடுத்த மரத்துக்குப் பரவாமல் தடுக்க அது பயன்படும் முறை. தூரில் தட்டு வந்துவிட்ட பெரிய மரத்தின் உள் அழுகலை அது திருப்பிவிடும் என்று நம்பி மற்ற வேலையை விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது மண்ணில் இருக்கிறது. தூரைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் கான்கிரீட்டை எடுக்க வைக்க வேண்டும். டெல்லியில் 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதே ஒரு மீட்டர் அளவைத்தான் உத்தரவாகப் போட்டது. அதைக் காட்டிப் பேசினால் எடுபடும். எடுக்கும்போது ஜாக்கிரதையாகக் கையால் கொத்தச் சொல்லுங்கள், இயந்திரம் வந்தால் மிச்ச வேரும் போய்விடும். பிறகு காய்ந்த இலைச் சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, பட்டையை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

கிளைப் பாரம் குறைப்பது அடுத்தது. உச்சியை மொட்டையடிப்பது அல்ல, நுனிப் பக்கத்துக் கிளைகளை அளவாகக் குறைத்துக் காற்று பிடிக்கும் பரப்பைக் குறைப்பது. இதை நாமாகச் செய்யக் கூடாது. கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1976-இலிருந்து இருக்கிறது, மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மாநகராட்சியின் வனப் பிரிவுக்கு எழுதும்போது "மரம் ஆபத்தாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் வெட்டத்தான் வருவார்கள். மரம் எது, சுற்றளவு எவ்வளவு, தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எந்தத் தேதியில் எவ்வளவு அகலம், தட்டிய ஒலி எங்கே மாறுகிறது, எந்த வேர் வெட்டுப்பட்டது, கீழே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்யக் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் தெருவில் கன்னடம் எழுதுகிறவர் கட்டாயம் இருப்பார், அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் மனுவில் முதல் கையெழுத்து, மரத்தை வெட்டச் சொன்ன எதிர்வீட்டுத் தாத்தாவுடையது.

தின்னலாமா என்று கேட்பவர்களுக்கு

கானோடெர்மா என்ற பெயரைக் கேட்டதும் மருந்துக் காளான்தானே என்று சிலர் பெயர்த்துப்போகிறார்கள். வேண்டாம். மருந்துக்கென்று விற்பது தனியாக வளர்க்கப்படும் வகை. தெருமரத்துத் தட்டு எந்த வகை என்று கண்ணால் உறுதிசெய்ய முடியாது, காளான்கள் கன உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. ஊரில் மழைக்கு அப்புறம் புற்றுக்காளான் பறித்துக் குழம்பு வைத்த பழக்கம் நமக்கு உண்டு. அந்தக் கையோடு இதைத் தொடாதீர்கள்.

எட்டாம் படி: திரும்ப வருவது

ஒருமுறை பார்த்தது பாதிதான். வருடத்துக்கு மூன்று தடவை வாருங்கள்: மே இடிமழைக்கு முன், ஆகஸ்டில், டிசம்பரில். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். தட்டின் அகலம், புதுத் தட்டுகளின் எண்ணிக்கை, அவை தூரைச் சுற்றிப் பரவுகின்றனவா, போன் மட்டத்தில் கோணம் மாறியதா என்று தேதியோடு எழுதுங்கள். தூரின் ஒரே பக்கத்தில் ஒரு தட்டு என்பது ஒரு நிலை. சுற்றிலும் மூன்று பக்கம் தட்டு வந்துவிட்டது என்றால் அடுத்த மே மாதம் வரை காத்திருக்காதீர்கள், கருவியோடு வரும் ஆளை உடனே கூப்பிடுங்கள்.

எங்கள் மரத்தில் கான்கிரீட்டை எடுத்து, கிளைப் பாரம் குறைத்து இரண்டு மழை கடந்துவிட்டது. பழைய தட்டு நாலு விரல் அகலம் கூடியிருக்கிறது, கோணம் மாறவில்லை, வேறு பக்கத்தில் புதிது வரவில்லை. அக்கா கடையை மட்டும் தெற்குப் பக்கம், வேர் வெட்டுப்படாத திசைக்கு எட்டடி நகர்த்தியிருக்கிறார். போன வாரம் ஆகஸ்ட் அளவு எடுக்கப் போனபோது, "ஓரம் இன்னும் வெள்ளையா இருக்கு தம்பி, காலைலயே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கூடையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீட்டினார்.